கயாக்கில் போய் விரால் பிடிப்பது: வன்னிக் குளங்களில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

கயாக் (துடுப்பால் வலிக்கிற ஒடுங்கிய சின்னப் படகு) மீன்பிடி என்று யூடியூப்பில் தேடினால் வருவதில் பாதி பாஸ் மீன் வீடியோதான். அது வட அமெரிக்க மீன், நம் குளங்களில் இல்லை. ஆனால் பாஸுக்குச் செய்கிற வேலையில் முக்கால்வாசி விராலுக்கும் பொருந்தும். இரண்டும் பதுங்கிக் கிடந்து பாய்கிற சாதி. புல்லும் கட்டையும் உள்ள இடத்தை விட்டு அதிகம் அசையாது. நீர்மேல் தவளை துள்ளினால் சும்மா விடாது. மிச்சக் கால்வாசிக்குத்தான் இந்தப் பதிவு. சோழகம் (தென்மேற்குக் காற்று), வலை, துருசு (குளத்து மதகு) பற்றியெல்லாம் அந்த வீடியோக்காரர்கள் சொல்லித் தரப் போவதில்லை.

முடிச்சுப் போடுவது, ரீலில் நூல் சுற்றுவது எல்லாம் இங்கே இல்லை. கரையில் நின்று தூண்டில் போட்ட பழக்கம் உங்களுக்கு இருக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

எந்தக் குளம்?

ஆசை எல்லோருக்கும் கிளிநொச்சியின் பெரிய குளமான இரணைமடுவில்தான். முதல் நாளே அங்கே போக வேண்டாம். குளக்கட்டு வடக்கே, தண்ணீர் தெற்கே நீண்டு கிடக்கிறது. அதனால் சோழகம் எழும்பினால் அலை முழுக்கக் கட்டின் கல்லடுக்கில் வந்து மோதும், உங்களையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு வரும். அலைகரையில் (கட்டுக்கு எதிரே தண்ணீர் ஏறி இறங்கும் ஓரத்தில்) தாமரை படர்ந்த, அக்கரை கண்ணுக்குத் தெரிகிற சின்னக் குளம் ஒன்றில் தொடங்குங்கள். ஊருக்கு ஊர் அப்படி ஒன்று இருக்கத்தான் செய்கிறது. மன்னார்ப் பக்கத்தவர்கள் கவனிக்க: கட்டுக்கரைக்குளம் சரணாலயம். வனசீவராசிகள் திணைக்களத்தைக் கேட்காமல் அங்கே இறங்க வேண்டாம்.

குளம் எதுவானாலும் அந்த ஊர் நன்னீர் மீனவர் சங்கத்தோடு முதலில் கதையுங்கள். அனுமதி ஒரு பக்கம் இருக்க, அவர்களிடம்தான் தகவலும் இருக்கிறது. வலை எங்கே கிடக்கிறது, முதலை எந்தப் பக்கம் படுக்கிறது, துருசு திறந்திருக்கிறதா என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. தூண்டிலோடு வருபவனை யாரும் பெரிதாக எடுப்பதில்லை. வலையைக் கிழித்துவிடுவானோ என்பதுதான் அவர்கள் பயம். ரெஜிபோம் (வெள்ளை நுரைப் பிளாஸ்டிக்) துண்டும் வெறும் போத்தலும் வரிசையாக மிதந்தால் கீழே வலை இருக்கிறது, சுற்றிப் போங்கள். தூண்டில் வலையில் கொளுவிவிட்டால் உங்கள் நூலை வெட்டுங்கள், வலையை அல்ல.

காலம்? காலபோக மாரி மழை ஓய்ந்து தண்ணீர் தெளிந்த பிறகு, மாசி முதல் சித்திரை வரை எனக்குப் பிடித்த காலம். மார்கழியில் குளம் நிரம்பி வான் பாயும்போது தண்ணீர் பக்கமே போக வேண்டாம். 2018 டிசம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டபோது கிளிநொச்சியும் முல்லைத்தீவும் பட்டபாடு மறந்திருக்காது. சிறுபோகத்துக்கு (கோடை நெற்செய்கைக்கு) தண்ணீர் விடும்போது துருசுக்குக் கிட்டவும் போகாதீர்கள். மேலே ஆடாமல் அசையாமல் தெரியும், கீழே இழுவை இருக்கும்.

கயாக்

மேலே உட்காருகிற வகைதான் வேண்டும், உள்ளே கால் நுழைக்கிற வகை வேண்டாம். பத்தடி நீளம் போதும், அகலம் முப்பது அங்குலத்துக்குக் குறையக் கூடாது. நீளமானது வேகமாகப் போகும், ஆனால் தாமரைக்குள் திருப்ப முடியாது. காற்றடிக்கிற ரப்பர் கயாக் மலிவுதான், தூக்கவும் சுகம். இருந்தாலும் நம் குளங்களுக்கு அதை நான் சொல்ல மாட்டேன். தண்ணீருக்கடியில் முள்மரக் கட்டைகள் நிற்கின்றன. நிறம் செம்மஞ்சளோ மஞ்சளோ எடுங்கள். பச்சை வடிவாக இருக்கும், ஆனால் தூரத்தில் உங்களை யாருக்கும் தெரியாது.

ஏற்றிப் போக லாண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) பெட்டியை விட நல்லது இல்லை. கீழே இரண்டு உரப்பையில் வைக்கோல் அடைத்துப் போட்டால் குலுங்காது.

பாதுகாப்பு அங்கியைச் சீட்டுக்குப் பின்னால் வைப்பது அணிவதாகாது. போட்டுக் கொளுவியபின் தண்ணீரில் இறங்குங்கள். துடுப்பு, தூண்டில் தடி, பெட்டி எல்லாம் கயாக்கோடு கயிற்றால் கட்டியிருக்க வேண்டும்.

முதல் நாள் தடியைக் கொண்டுபோகவே வேண்டாம். இடுப்பளவுத் தண்ணீரில், கூட ஒருவரை நிறுத்திக்கொண்டு, வேண்டுமென்றே கவிழுங்கள். கயாக்கை நிமிர்த்தி, காலை உதைத்து, வயிறு படக் குறுக்கே ஏறிப் படுத்து, பிறகு பிட்டத்தைத் திருப்பி உட்காருங்கள். களைத்துப் போன நேரத்திலும் ஏற முடிகிற வரைக்கும் பழக வேண்டும். இது வராதவர்கள் ஆழத்துக்குப் போகக் கூடாது, அவ்வளவுதான்.

தடி, நூல், தவளை

ஆறரை அடி முதல் ஏழடி வரை, சற்று விறைப்பான தடி. நூல் பின்னல் நூல்தான், 40 இறாத்தல். தங்கூசி (நைலோன் நூல்) இழுபடும், தாமரைத் தண்டுக்குள் ஓடும் விராலை இழுபடுகிற நூலால் திருப்ப முடியாது. இரைக்கு, உள்ளே வெறுமையான ரப்பர் தவளை. அதன் இரண்டு கொக்கிகளும் முதுகோடு ஒட்டி மேல்நோக்கி இருப்பதால் இலைக்கு மேல் இழுத்தாலும் கொளுவாது. ஊரில் உயிர்த் தவளை கொளுவுவார்கள், அது நன்றாகவே பிடிக்கும். ஆனால் ஆடுகிற கயாக்கில் உட்கார்ந்து உயிர்த் தவளையோடு மல்லுக்கட்டுவது எனக்குச் சரிவராது. ரப்பர் தவளைக்குள் தண்ணீர் ஏறும். நாலைந்து எறிவுக்கு ஒருமுறை பிழிந்து விடுங்கள், இல்லாவிட்டால் பின்பக்கம் தாழ்ந்து நடையே மாறிவிடும்.

கயாக்கை நிறுத்துவது

எல்லோரும் எறிவதைப் பற்றிக் கேட்கிறார்கள், யாரும் நிறுத்துவதைப் பற்றிக் கேட்பதில்லை. கயாக்கில் போய் வெறுங்கையோடு வருபவர்களில் பெரும்பாலானவர்கள் நின்ற இடம்தான் பிழை. கரையில் நிற்பவனுக்குக் காலடி நிலம். உங்கள் காலடியோ காற்றோடு ஓடுகிறது. ஒரு தடவை எறிந்து தவளையை இழுத்து முடிப்பதற்குள் கயாக் தாமரைக்குள் போய் முட்டிவிடும், அங்கே கிடந்த விரால் அடுத்த பற்றைக்குப் போய்விடும்.

தொடக்கக்காரருக்கு நங்கூரம் வேண்டாம், ஒரு மூங்கில் தடி போதும். ஏழடி நீளம், ஒரு முனை கூராக. விரால் கிடக்கிற ஓரங்களில் தண்ணீர் பெரும்பாலும் மூன்று நாலு அடிதான். புல்லோரத்துக்கு நாற்பது ஐம்பது அடி இருக்கும்போதே, காற்று அடிக்கிற பக்கமாக நின்று தடியைச் சேற்றில் குத்துங்கள். கயாக்கின் பின் முனையிலிருந்து ஒரு கயிற்றை அதில் கட்டுங்கள். காற்று உங்களைத் தள்ளி, முகம் புல்லை நோக்கியபடி நிறுத்திவிடும், எறிவும் காற்றோடு போகும். நடுப்பக்கத்தில் மட்டும் கட்டாதீர்கள். காற்று விலாவில் பிடித்தால் கவிழ்த்துவிடும். முடிச்சு இழுத்தால் அவிழ்கிற சுருக்காக இருக்கட்டும், கத்தி ஒன்று கையெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

நின்றாகிவிட்டதா? இனிச் சத்தம் போடக் கூடாது. பிளாஸ்டிக் உடம்பில் பெட்டி ஒருமுறை தட்டுப்பட்டாலே போதும், விரால் ஒதுங்கிவிடும். பெட்டிக்கு அடியில் பழைய ரப்பர் விரிப்பு ஒன்று போடுங்கள். பிறகு பார்த்துக்கொண்டிருங்கள். விரால் காற்றை விழுங்க மேலே வந்தே ஆக வேண்டிய மீன். இலைகளுக்கு நடுவே 'களக்' என்று ஒரு சத்தம், ஒரு வளையம், ஓரிரண்டு குமிழி. அந்த வளையத்தின் மேல் எறியாதீர்கள். அதைத் தாண்டி ஆறேழு அடி அப்பால் விழுத்தி, சற்று விட்டு, துள்ளத் துள்ள அதன் மேலாக இழுத்து வாருங்கள்.

அடி விழுந்த பிறகு

தவளை இருந்த இடம் வெடிக்கும். நெஞ்சு திடுக்கிடும், கை தானாகவே தடியை இழுக்கும். இழுக்காதீர்கள். பெரும்பாலும் முதல் பாய்ச்சலில் தவளை அதன் வாய்க்குள் சரியாகப் போயிருக்காது. தடியின் நுனியைத் தாழ்த்தி, தளர்ந்த நூலைச் சுற்றி எடுங்கள். கையில் கனம் தெரிந்தபின் இடுப்பிலிருந்து ஒரே வீச்சாக இழுங்கள். உட்கார்ந்திருக்கும்போது பாதி பலம் வீண்போகும், ஏனென்றால் நீங்கள் மீனை இழுக்கிறபோது மீன் இருக்கும் பக்கம் கயாக்கும் நகர்கிறது. அதனால்தான் விறைப்பான தடியும் இழுபடாத நூலும். ரீலின் பிடியையும் இறுக்கி வையுங்கள்.

மீன் தாமரைக்குள் புதைந்துவிட்டால் பலமாக இழுத்து நூலை அறுக்க வேண்டாம். கரையில் நின்றிருந்தால் அந்த மீன் போனதுதான். நீங்கள் சுருக்கை அவிழ்த்துவிட்டு, நூலைச் சுற்றியபடி மீனிடம் போகலாம். மூங்கில் மிதக்கும், பிறகு வந்து எடுக்கலாம். தூண்டில் தடி எப்போதும் முன்பக்கமே இருக்கட்டும். மீன் கயாக்குக்கு அடியால் ஓடினால் தடி நுனியைத் தண்ணீருக்குள் விட்டு, முன் முனையைச் சுற்றி மறுபக்கம் கொண்டுவாருங்கள். உடம்பை முறுக்கித் திரும்பினால் குளிக்க வேண்டியதுதான்.

வீடியோவில் பாஸ் மீனின் வாய்க்குள் பெருவிரலை விட்டுத் தூக்குவார்கள். விராலுக்குப் பல் இருக்கிறது, அந்த விளையாட்டு வேண்டாம். கைவலையால் அள்ளி, கொக்கியைக் குறட்டால் கழற்றி, நேரே ஈரச் சாக்குக்குள் போட்டு வாயைக் கட்டுங்கள். வெளியே எடுத்தபிறகும் நெடுநேரம் உயிரோடு கிடக்கும். மடியில் கிடந்து செத்ததுபோல் நடித்துவிட்டு, ஒரே துள்ளில் தண்ணீருக்குள் போன விரால்களுக்குக் கணக்கில்லை.

பிறகு கேட்கப்பட்டவை

*முதலை?* இருக்கிறது. வன்னிக் குளங்களில் இருப்பது பெரும்பாலும் சதுப்புநில முதலை. விடிய வெளிச்சம் வந்தபின் இறங்கி, பொழுதுபட முன் கரையேறுங்கள். காலைத் தண்ணீருக்குள் தொங்கவிட வேண்டாம். பிடித்த மீனைக் கயிற்றில் கோர்த்துப் பக்கத்தில் மிதக்கவிடுவது முதலைக்கு அழைப்புக் கொடுப்பது.

*காற்று எப்போது எழும்பும்?* சோழகக் காலத்தில் வெயில் ஏற ஏற எழும்பும். வலை இழுக்கிற ஐயா ஒருவர் எனக்குச் சொன்னது: "தம்பி, போகேக்க காத்துக்கு எதிரா போ, வரேக்க காத்து கொண்டுவந்து விடும்." இதை விடச் சுருக்கமாக என்னால் சொல்ல முடியாது. சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடி வேறு இருக்கிறது. முதல் முழக்கத்திலேயே கரைக்கு வாருங்கள். உங்கள் கையில் இருப்பது மின்சாரம் கடத்துகிற கார்பன் தடி.

*திலாப்பியா பிடிக்கலாமா?* 1952இல் இலங்கைக்கு வந்த மீன், இன்று குளமெல்லாம் அதுதான். சின்னக் கொக்கி, மண்புழு, கரையிலேயே பிடிக்கலாம். அதற்குக் கயாக் தேவையில்லை.

*தண்ணீரில் சிவப்பாகக் குஞ்சுக் கூட்டம் கொதிக்கிறதே?* விரால் குஞ்சுகள். தாயும் தகப்பனும் கீழே காவல் நிற்கும், எதை எறிந்தாலும் அடிக்கும். சுலபமாகப் பிடிபடும் என்பதற்காகவே பிடிக்காதீர்கள். பெற்றதுகளைத் தூக்கினால் அந்தக் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும்.

*வற்றிய குளத்தில் நடந்து போகலாமா?* அறிமுகமில்லாத அலைகரையில் வேண்டாம். சேறு முழங்காலைத் தாண்டும். துருப்பிடித்த இரும்பு எதையாவது கண்டால், போர்க்கால வெடிபொருளாக இருக்கலாம், தொடாமல் திரும்பிவந்து பொலிசுக்குச் சொல்லுங்கள். காலில் புண்ணோடு குளத்தில் இறங்குவதும் ஆகாது. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில், புண் வழியாகவும் தொற்றுகிற எலிக்காய்ச்சல் உயிர்களை எடுத்தது நினைவிருக்கும். குளத்துக்குப் போய்வந்தபின் காய்ச்சல் வந்தால், போன கதையையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.