கோட்டுக்கு எந்த வாட்ச், பட்டு வேட்டிக்கு எந்த வாட்ச்: கடலோர ஊர்க்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்யாண வரவேற்புக்குக் கோட் தைக்கக் கொடுக்கும்போது தோள், மார்பு, கை நீளம் என்று ஒவ்வொன்றாக அளவு கொடுக்கிறோம். வாட்ச் வாங்கும்போது மட்டும் யாரும் மணிக்கட்டை அளப்பதில்லை. புதுச்சேரி நேரு வீதியானாலும் கடலூர் லாரன்ஸ் ரோடானாலும், கண்ணாடிப் பெட்டிக்குள் எது பெரிதாக மின்னுகிறதோ அதைத்தான் முதலில் எடுத்துக் காட்டச் சொல்கிறோம். மாப்பிள்ளை வாட்ச் என்றால் இன்னும் மோசம். அதைப் பெரும்பாலும் பெண் வீட்டார் வாங்குகிறார்கள். கட்டப்போகிறவர் கடைக்கே வருவதில்லை. "கொஞ்சம் கெத்தா இருக்கட்டும்" என்று மச்சான் தேர்ந்தெடுத்த வாட்ச், மேடையில் கோட்டுக் கைக்குள் நுழையாமல் துருத்திக்கொண்டு நிற்கும்.

டிரெஸ் வாட்ச் என்று சொல்வது மெல்லிய, ஆரவாரமில்லாத வாட்சை. மணி முள், நிமிட முள், வேண்டுமானால் ஒரு நொடி முள், டயலில் மெல்லிய கோடுகளோ ரோமன் எண்களோ இருந்தால் போதும். உடை முன்னால் தெரிய வேண்டும், வாட்ச் அதற்குள் அடங்கியிருக்க வேண்டும். இதைப் பற்றிய விதிகள் பெரும்பாலும் குளிர் நாடுகளில், தினமும் முழுக்கைச் சட்டையும் கோட்டும் போடுகிறவர்களை வைத்து உருவானவை. வியர்வையும் உப்புக்காற்றும் அரைக்கைச் சட்டையும் உள்ள ஊரில் அவற்றில் பாதியை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். மீதியை நாம்தான் மாற்றிக்கொள்ள வேண்டும்.

அளவு

முதல் தவறு, எல்லாவற்றிலும் பெரிய தவறு, அளவுதான். ஒரு காகிதத் துண்டை மணிக்கட்டைச் சுற்றி வைத்து, முனைகள் சந்திக்கும் இடத்தில் கோடு போட்டு, ஸ்கேலில் அளந்து பாருங்கள். நம் ஆண்களில் பலருக்கு ஆறு முதல் ஏழு அங்குலத்துக்குள் வரும். அதற்கு 36 முதல் 39 மி.மீ. வரை விட்டமுள்ள வாட்ச் சரியாக இருக்கும். 42, 44 எல்லாம் டைவிங் வாட்சுக்கும் ஸ்போர்ட்ஸ் வாட்சுக்கும் உரிய அளவு.

விட்டத்தை மட்டும் பார்த்தாலும் ஏமாந்துவிடுவோம். ஸ்ட்ராப் மாட்டும் கொம்புகள் மேலும் கீழும் நீண்டிருக்கும் அல்லவா, ஒரு கொம்பின் நுனியிலிருந்து எதிர்க் கொம்பின் நுனி வரை உள்ள நீளம் உங்கள் மணிக்கட்டின் மேல்பக்க அகலத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் இரவல் வாட்ச் மாதிரிதான் தெரியும். கடையில் கட்டிப் பார்க்கும்போது குனிந்து கையைப் பார்க்காதீர்கள். ஆளுயரக் கண்ணாடி முன் கையைத் தொங்கவிட்டுப் பாருங்கள். பக்கத்தில் வைத்துச் செல்போனில் எடுத்த படமும் வாட்சைப் பெரிதாகத்தான் காட்டும்.

கனம் பத்து மி.மீ.க்குள் இருக்கட்டும், எட்டுக்குள் என்றால் இன்னும் நல்லது. இதற்கு வெளிநாட்டுப் பெயர்களைத் தேடி ஓட வேண்டியதில்லை. டாடா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் சேர்ந்து 1984இல் தொடங்கிய டைட்டன், ஓசூரில் தொழிற்சாலை வைத்திருக்கும் நிறுவனம். அவர்கள் 2002இல் கொண்டுவந்த எட்ஜ் வாட்சின் மொத்தக் கனமே 3.5 மி.மீ. உள்ளே ஓடும் இயந்திரம் 1.15 மி.மீ. சட்டைக் கைக்குள் அது இருப்பதே தெரியாது.

வீட்டுப் பீரோவில் அப்பாவின் எச்.எம்.டி. ஜனதா கிடந்தால், "ரொம்பச் சின்னதா இருக்கே" என்று ஒதுக்க வேண்டாம். கிட்டத்தட்ட 35 மி.மீ. விட்டம், வெள்ளை டயல், சாவி கொடுத்து ஓடும், உராய்வைக் குறைக்க 17 கற்கள் பதித்த இயந்திரம். டிரெஸ் வாட்சுக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் நம் நாட்டில் குறைவு. சர்வீஸ் செய்து, புது ஸ்ட்ராப் போட்டால் நாளைக்கே கோட்டோடு கட்டலாம்.

சட்டைக் கை

கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது சட்டைக் கை வாட்சை மூடியிருக்க வேண்டும், முழங்கையை மடக்கினால் பாதி எட்டிப் பார்க்க வேண்டும். இது நடக்க, தையல்காரரிடம் முன்பே சொல்லி இடது கைப் பட்டியை மட்டும் கால் அங்குலம் தளர்த்தி வைக்கச் சொல்லுங்கள். அளவு கொடுக்கப் போகும்போது வாட்சைக் கட்டிக்கொண்டே போவது இன்னும் சுலபம். பலர் கோட் தயாரான பிறகு வாட்ச் வாங்குகிறார்கள், பிறகு பட்டன் போட முடியாமல் சட்டைக் கையை வாட்சுக்குப் பின்னால் தள்ளிவிடுகிறார்கள். இத்தாலியில் ஃபியட் கார் கம்பெனியின் தலைவராக இருந்த ஜியானி அக்னெல்லி சட்டைக் கையின் மேலேயே வாட்ச் கட்டிக்கொண்டு திரிந்தார். அவர் ஆயிரம் கோடிக்கு அதிபதி, யாரும் கேட்கவில்லை. நம்மைக் கேட்பார்கள்.

வாட்ச் உட்கார வேண்டிய இடம், மணிக்கட்டில் புடைத்திருக்கும் எலும்புக்கு முழங்கைப் பக்கமாக. உள்ளங்கைப் பக்கம் சரிந்து வந்தால் கையை மடக்கும்போதெல்லாம் சாவிக் குமிழ் புறங்கையைக் குத்தும். வளையல் போலச் செயினைத் தளரவிடும் பழக்கமும் கோட்டுக்கு ஒத்துவராது. சுண்டு விரல் நுனி நுழையும் அளவு இடம் போதும், அதுவும் வெயிலில் கை லேசாக வீங்கும் என்பதற்காக.

ஸ்மார்ட் வாட்சைப் பற்றி ஒரு வார்த்தை. அலுவலகத்துக்குத் தாராளமாகக் கட்டிப் போங்கள். தாலி கட்டக் கையைத் தூக்கும் நேரத்தில் அதன் திரை தானாக ஒளிர்ந்து, இன்று எத்தனை அடி நடந்தீர்கள் என்று காட்டும். கல்யாண ஆல்பத்தில் அது காலத்துக்கும் இருக்கும்.

தோலா, செயினா?

கோட்டுக்குத் தோல் ஸ்ட்ராப்தான் என்பது பழைய விதி. டிசம்பர், ஜனவரி ராத்திரி வரவேற்புக்கும் ஏசி மண்டபத்துக்கும் அது சரி. பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை 14 அன்று புதுச்சேரி கடற்கரைச் சாலையில் பிரெஞ்சுப் போர் நினைவிடத்துக்கு, கோட்டில் பதக்கங்களைக் குத்திக்கொண்டு வரும் முன்னாள் ராணுவத்தினரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இந்த ஊரில் கோட் அணிவது நேற்று வந்த வழக்கம் இல்லை. ஆனால் அக்னி நட்சத்திர நாளில், கடலூரில், மின்விசிறி மட்டும் சுற்றும் மண்டபத்தில் தோல் ஸ்ட்ராப் கட்டுவது வீண் பிடிவாதம் என்பேன். மெல்லிய ஸ்டீல் செயினோ, வலை போல நெருக்கமாகப் பின்னிய மெஷ் பட்டையோ போதும். அதைக் குறை சொல்கிறவர் அந்த வெயிலில் வந்து நின்று பார்க்கட்டும்.

தோல் ஸ்ட்ராப்பைக் கெடுப்பது வியர்வையில் இருக்கும் உப்பும் ஈரமும். தினமும் ஒரே தோல் ஸ்ட்ராப்பைக் கட்டினால் உள்பக்கம் கறுத்து, நாற்றம் வந்து, ஓட்டைகளைச் சுற்றி வெடிக்கும். விசேஷத்துக்கு என்று தனியாக வையுங்கள். கழற்றியதும் காய்ந்த துணியால் துடைத்து, ஒரு ராத்திரி நிழலில் காற்றாட விட்டு, அப்புறம் பெட்டிக்குள் வையுங்கள். வெயிலில் காயவைத்தால் தோல் விறைத்துப்போகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மூடிய பெட்டிக்குள் பூஞ்சை பிடிப்பது நம் பக்கம் சாதாரணம். செருப்புப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் பக்கத்தில் போட்டு வைக்கலாம். சென்ட் அடிப்பதை வாட்ச் கட்டுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். அதிலுள்ள ஆல்கஹால் தோலின் சாயத்தைக் கெடுக்கும்.

தங்க நிற வாட்ச் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. பின்மூடியில் "ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்" என்று பொறித்திருந்தால், அந்த மூடி மட்டும்தான் ஸ்டீல். மற்ற உடல் பித்தளை போன்ற சாதா உலோகத்தின் மேல் முலாம் பூசியதாக இருக்கலாம். வியர்வைக் கைக்கும் உப்புக்காற்றுக்கும் முதலில் கொம்பின் ஓரத்திலும் அடிப்பக்கத்திலும் முலாம் உரியும், கையில் பச்சைக் கறை படியும், சிலருக்கு அரிப்பும் வரும். முழு உடலும் ஸ்டீல்தானா என்று கடையில் கேட்டு, விவரச்சீட்டில் பார்த்து வாங்குங்கள்.

"30 மீட்டர்" என்றால்?

டயலில் 30 மீட்டர் என்று போட்டிருப்பதைப் பார்த்து, முப்பது மீட்டர் ஆழம் வரை போகலாம் என்று நினைப்பவர்கள் நிறைய. அது சோதனைக் கூடத்தில் கொடுத்துப் பார்த்த அழுத்தத்தின் கணக்கு. நடைமுறையில், கை கழுவும்போது தெறிக்கும் தண்ணீரையும் மண்டப வாசலில் தெளிக்கும் பன்னீரையும் தாங்கும், அவ்வளவே. அதைக் கட்டிக்கொண்டு குளிக்கக் கூடாது, கடலில் இறங்கக் கூடாது.

வரவேற்பு முடிந்து கோட்டோடு படம் எடுக்கக் கடலூர் சில்வர் பீச்சுக்குப் போகிறவர்களுக்கு வேறொரு ஆபத்து இருக்கிறது. கடற்கரை மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ் என்ற கனிமம். கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் அது 7, சாதாரண வாட்ச் கண்ணாடி 5, 6 அளவில்தான் நிற்கும். மணல் ஒட்டிய கண்ணாடியைச் சட்டைக் கையால் தேய்த்தீர்கள் என்றால் கோடு விழுந்தே தீரும். முதலில் வாயால் ஊதித் தள்ளிவிட்டு, அப்புறம் துடையுங்கள். சஃபையர் கண்ணாடி 9, அதற்கு இந்தப் பயம் இல்லை. கூடுதல் பணம் கொடுப்பதானால் தங்க முலாமை விட்டுவிட்டு இதற்குக் கொடுங்கள்.

ஏசி காரிலிருந்து இறங்கியதும் கண்ணாடியின் வெளிப்பக்கம் பனி படிந்தால் பயப்பட ஒன்றுமில்லை, துடைத்தால் போய்விடும். பனி உள்பக்கம் படிந்தால் ரப்பர் வாஷர் தேய்ந்து ஈரம் உள்ளே புகுந்திருக்கிறது என்று பொருள். அரிசிப் பானையில் புதைத்து வைக்காமல் அன்றைக்கே ரிப்பேர்காரரிடம் கொடுங்கள். நாள் கடத்தினால் இயந்திரம் துருப்பிடிக்கும்.

வேட்டி சட்டையோடு

அரைக்கைச் சட்டையில் வாட்சை மறைக்க எதுவும் இல்லை. அதனால் அளவு இன்னும் முக்கியம். சரிகைக் கரை போட்ட பட்டு வேட்டிக்கு மெல்லிய தங்க நிற வாட்ச் எடுப்பாக இருக்கும். ஆனால் அதே கையில் பிரேஸ்லெட், கோயில் கயிறு, வாட்ச் மூன்றும் வேண்டாம். பிரேஸ்லெட் வாட்சின் உடலில் கோடு போடும், ஈரக் கயிறு உலோகத்தோடு ஒட்டிக்கிடந்து கறை ஏற்றும். மாப்பிள்ளைக்குக் காப்புக் கயிறு வழக்கமாக வலது கையில் கட்டுவதால் இடது கை வாட்சுக்கு மீதி இருக்கிறது. தாரை வார்க்கும்போதும் ஹோமத்தில் நெய் ஊற்றும்போதும் கழற்றி, நம்பிக்கையான ஒருவர் கையில் கொடுத்துவைப்பது நல்லது. கோயிலில் முகூர்த்தம் என்றால் சில வீட்டுப் பெரியவர்கள் தோல் ஸ்ட்ராப்பை விரும்ப மாட்டார்கள், அங்கேயும் செயின்தான் வசதி.

நிறப் பொருத்தத்தில் பெரிய கஷ்டம் எதுவும் இல்லை. கறுப்பு ஷூ, கறுப்பு பெல்ட் என்றால் கறுப்பு ஸ்ட்ராப். நீலக் கோட்டுக்குப் பழுப்பு ஷூ போட்டால் பழுப்பு ஸ்ட்ராப். பெல்ட் பக்கிள் வெள்ளி நிறமாக இருந்தால் வாட்சும் அப்படியே இருக்கட்டும்.

பெயருக்கு ஆசைப்பட்டு

"முதல் காப்பி" என்று விற்கும் போலி வாட்ச் கோட்டுக்குப் பொருந்தவே பொருந்தாது. தெரிந்தவர் ஒருவர் கூட்டத்தில் இருந்தாலே போதும், கண்டுபிடித்துவிடுவார். அந்தப் பணத்துக்கு நேர்மையான, பெயர் இல்லாத, செல்லில் ஓடும் ஒரு குவார்ட்ஸ் வாட்ச் வாங்கலாம். பழைய எச்.எம்.டி. தேடுகிறவர்களும் பார்த்து வாங்க வேண்டும். 2016இல் எச்.எம்.டி. வாட்சஸை மூட மத்திய அரசு முடிவெடுத்த பிறகு பழைய வாட்சுகளுக்குக் கிராக்கி கூடிவிட்டது. டயலுக்குப் புதுப் பெயின்ட் அடித்து, வேறு மாடலின் முள்ளை மாட்டி, கம்பெனி போடாத நிறங்களில் விற்கிறார்கள். எழுத்துகள் தடித்தோ கோணலாகவோ இருந்தால் தள்ளிவையுங்கள்.

சாவி கொடுக்கும் வாட்சானால் தினமும் ஒரே நேரத்தில், கையிலிருந்து கழற்றி வைத்துக்கொண்டு கொடுங்கள். இறுக்கம் தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். தேதி காட்டும் மெக்கானிக்கல் வாட்சில் ராத்திரி ஒன்பது மணியிலிருந்து அதிகாலை மூன்று மணி வரை தேதியைத் திருப்பக் கூடாது. அந்த நேரத்தில் தேதிச் சக்கரத்தின் பற்கள் கோத்திருக்கும், பலவந்தமாகத் திருப்பினால் உடையலாம். வாட்சை ஸ்பீக்கர் மேலே வைக்காதீர்கள். காந்தம் ஏறினால் ஒரு நாளைக்குப் பல நிமிடங்கள் வேகமாக ஓடும். ரிப்பேர்காரர் காந்தம் எடுக்கும் கருவியால் உடனே சரிசெய்துவிடுவார்.

குவார்ட்ஸ் வாட்ச் நின்றுபோனால் அப்படியே அடுத்த கல்யாணம் வரை பீரோவில் போட்டு வைக்கிறோம். தீர்ந்த செல் நாளாக நாளாகக் கசியும், கசிந்த திரவம் இயந்திரத்தை அரித்துவிடும். புதுச் செல் போட இப்போது நேரமில்லை என்றால், பழைய செல்லையாவது கழற்றச் சொல்லி எடுத்து வையுங்கள்.