காபி பில்டரின் கண் அடைத்துக்கொண்டால்

எவர்சில்வர் பில்டரின் மேல்பாத்திரத்தில் தூளைப் போட்டு, குடையால் (காம்பு வைத்த துளைத் தட்டு) லேசாக அழுத்தி, கொதித்த நீரைச் சுற்றி ஊற்றி மூடினால், சுமார் 20 நிமிடங்களில் டிகாக்‌ஷனின் பெரும்பகுதி இறங்கிவிட வேண்டும். அதற்கு மேலும் சொட்டிக்கொண்டே இருந்தால், தூள் மிக நைஸாக இருக்கலாம், சிக்கரி கூடியிருக்கலாம், அல்லது மேல்பாத்திரத்தின் அடியிலுள்ள சிறு துளைகளான கண்கள் அடைத்திருக்கலாம். பாத்திரத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அடைத்த கண்கள் கறுப்பாகத் தெரியும்.

சமையல் சோடா கலந்த வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, பழைய பிரஷ்ஷால் அடிப்புறத்திலிருந்து தேய்த்தால் பெரும்பாலும் திறந்துகொள்ளும். ஊசியால் குத்திக் கண்ணைப் பெரிதாக்கினால் பிறகு டிகாக்‌ஷனோடு மண்டியும் இறங்கும். வெறும் பாத்திரத்தை அடுப்பில் காட்டி எரிக்கும் வழக்கம் எவர்சில்வருக்குச் சரி. ஈயம் பூசிய பித்தளை பில்டருக்குக் கூடவே கூடாது, ஏனெனில் அந்த வெள்ளீயப் பூச்சு 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். அன்றாடம் சக்கையைச் செடித் தொட்டியில் தட்டிவிட்டு, காயும் முன்பே கழுவிக் கவிழ்த்து வைப்பவர்களுக்கு இந்த வேலை அபூர்வமாகவே வரும்.