ஒரே பெயர், பல மனிதர்கள்: ஒரு பெயரின் வரலாற்றுப் பட்டியலைத் தயாரிப்பது எப்படி?

ஔவையார் என்றதும் நம் எல்லோருக்கும் ஒரே ஒரு பாட்டியின் முகம்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் அதியமானைப் பாடிய சங்க கால ஔவையார் வேறு, ஆத்திசூடி பாடிய ஔவையார் வேறு. இருவருக்கும் இடையில் பல நூறு ஆண்டுகள் இருக்கின்றன. பெயர் ஒன்றாகிப் போனதால் ஆட்களும் ஒன்றாகிவிட்டார்கள்.

உலக வரலாற்றில் இது ஓயாமல் நடக்கிறது. ஒருவர் செய்த வேலை அதே பெயர்கொண்ட இன்னொருவரின் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. அதனால் ஒரு பெயரை எடுத்துக்கொண்டு, அந்தப் பெயரில் வாழ்ந்தவர்களைத் தேடிப் பிரித்துக் காலவரிசையில் அடுக்குவது மிக நல்ல பயிற்சி என்பேன். வரலாறு புதிதாகப் படிப்பவர்களும் செய்யலாம். ஒரு நோட்டோ எக்செல் ஷீட்டோ இருந்தால் போதும். ஜான் என்ற பெயரை வைத்து ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

படி 1: பெயரைத் தேர்ந்தெடுங்கள்

பழைய பெயராக இருக்க வேண்டும், பல மொழிகளுக்குள் போயிருக்க வேண்டும். அலெக்சாண்டர், தாமஸ், மரியா, வில்லியம் எல்லாமே நல்ல தேர்வுகள். ஒரு நேரத்தில் ஒரு பெயர் மட்டும் எடுங்கள். இரண்டைச் சேர்த்து எடுத்தால் பாதியில் விட்டுவிடுவீர்கள்.

படி 2: பெயரின் எல்லா உருவங்களையும் எழுதுங்கள்

இந்தப் படியில் அவசரமே வேண்டாம். பட்டியலின் தரம் இங்கேதான் முடிவாகிறது.

ஜான் என்பது எபிரேய மொழியின் யோகனான். கடவுள் அருள்கூர்ந்தார் என்பது அதன் பொருள். கிரேக்கத்தில் அது இயோவான்னெஸ் ஆனது, அங்கிருந்து லத்தீனுக்குப் போனது, பிறகு ஐரோப்பா முழுவதும் பரவியது. ஜெர்மனியில் யோஹான், சுருங்கினால் ஹான்ஸ். பிரான்சில் ழான், ஸ்பெயினில் ஹுவான், இத்தாலியில் ஜொவான்னி, ரஷ்யாவில் இவான், ஹங்கேரியில் யானோஷ், நெதர்லாந்தில் யான். ஸ்காட்லாந்தின் இயானும் வேல்ஸின் எவானும்கூட இதே பெயர்தான். அரபியில் யஹ்யா.

பெண்பால் வடிவங்களை மறக்காதீர்கள். ஜோன், ஜேன், ழான்ன், ஹுவானா எல்லாம் ஒரே வேரிலிருந்து வந்தவை. இவற்றை விட்டுவிட்டால், 1431-இல் ரூவான் நகரில் எரித்துக் கொல்லப்பட்ட ஜோன் ஆஃப் ஆர்க், நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டின், மெக்சிகோவின் துறவிக் கவிஞர் ஹுவானா இனேஸ் தே லா க்ரூஸ் ஆகிய மூவருமே பட்டியலுக்கு வெளியே நின்றுவிடுவார்கள்.

தமிழில் தேடும்போது இன்னொரு சிக்கலும் உண்டு. தமிழ்நாட்டில் ஜான் என்று எழுதுவதை இலங்கைத் தமிழில் ஜோன் என்று எழுதுவார்கள். அதே ஜோன் இங்கே பெண்பெயர். பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரூசோவின் பெயரை ஒரு புத்தகம் ழான் ழாக் என்கும், இன்னொன்று ஜீன் ஜாக் என்கும். விவிலியத்தில் வரும் ஜான் தமிழில் யோவான். பழைய கத்தோலிக்க நூல்களில் அவரே அருளப்பர், அதாவது பெயரின் பொருளையே தமிழாக்கிவிட்டார்கள். 1647-இல் லிஸ்பனில் பிறந்து 1693-இல் ஓரியூரில் கொல்லப்பட்ட ஜான் தெ பிரிட்டோவை நாம் அருளானந்தர் என்கிறோம். ஜான் என்ற எழுத்துகளை மட்டும் வைத்துத் தேடினால் இவர் கிடைக்கவே மாட்டார். ஆகவே நோட்டின் முதல் பக்கத்தில் கிடைக்கும் எல்லா எழுத்து வடிவங்களையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: அட்டவணை போடுங்கள்

ஆறு பத்திகள் போதும்: அறியப்பட்ட பெயர், பிறந்தபோது இட்ட பெயர், பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு, இடம், செய்த வேலை. கடைசிப் பத்தியில் ஒரே ஒரு வேலையைக் குறிப்பாக எழுதுங்கள். "விஞ்ஞானி" என்று எழுதி வைத்தால் பின்னால் பயன்படாது. "1614-இல் மடக்கையை வெளியிட்டவர்" என்று எழுதினால் அது ஜான் நேப்பியர் மட்டும்தான், வேறு யாராகவும் இருக்க முடியாது.

படி 4: ஆட்களைச் சேர்க்கத் தொடங்குங்கள்

முதலில் ராஜாக்களை எழுதத்தான் கை போகும். எழுதுங்கள், ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். இங்கிலாந்து மன்னர் ஜான் 1215-இல், மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய சாசனமான மாக்னா கார்ட்டாவுக்கு முத்திரை வைத்தவர். ரஷ்யாவில் 1547-இல் ஜாராக முடிசூடிய நான்காம் இவானும் ஒரு ஜான்தான்.

அவர்களுக்கு அப்புறம் மற்றத் துறைகளுக்கு வாருங்கள். அச்சுக்கலையில் யோஹான்னஸ் குட்டன்பெர்க். கோள்கள் நீள்வட்டப் பாதையில் சுற்றுகின்றன என்று 1609-இல் வெளியிட்ட யோஹான்னஸ் கெப்ளர். கடலில் தீர்க்கரேகையைக் கணிக்கத் துல்லியமான கடிகாரம் செய்த ஜான் ஹாரிசன். அணுக் கொள்கையை வகுத்த ஜான் டால்டன். இயற்பியலுக்கான நோபல் பரிசை 1956, 1972 என இரண்டு முறை வாங்கிய ஒரே மனிதரான ஜான் பார்டீன். குழந்தைகளுக்குக் கதை எழுதிய ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சனும் இந்த வரிசையில் வருவார்.

யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது? என் வழி இதுதான்: அவர் செய்ததை ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிய வேண்டும், அந்த வாக்கியத்தில் பதவியின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. இப்படிப் பார்க்கும்போது பல ராஜாக்கள் தானாகவே வெளியே போய்விடுவார்கள், கடிகாரம் செய்த தச்சர் ஹாரிசன் உள்ளே இருப்பார். எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

படி 5: ஒரே குடும்பத்தில் ஒரே பெயரைப் பிரியுங்கள்

தவறுகள் அதிகம் நடக்கும் இடம் இது.

பாஹ் குடும்பத்தைப் பாருங்கள். இசைமேதை யோஹான் செபஸ்டியான் பாஹ் 1685-இல் பிறந்தார். அவருடைய அப்பா யோஹான் அம்ப்ரோசியஸ். பெற்றோர் இறந்தபின் அவரை வளர்த்த அண்ணன் யோஹான் கிறிஸ்டோஃப். மகன்களில் யோஹான் கிறிஸ்டோஃப் ஃப்ரீட்ரிஹ், யோஹான் கிறிஸ்டியான் இருவரும் இசையமைப்பாளர்களாகப் பெயர் பெற்றார்கள். அந்தக் காலத்து ஜெர்மன் குடும்பங்களில் யோஹான் என்பது ஞானஸ்நானத்தில் முன்னால் வைக்கும் பெயர், கூப்பிடுவது இரண்டாவது பெயரால். அதனால் யோஹான் பாஹ் என்று மட்டும் அட்டவணையில் எழுதினால் யாரையும் குறிப்பிட்டதாக ஆகாது.

பெர்னூலி குடும்பத்தில் கணிதம் செய்த யோஹான்கள் மூன்று பேர். முதலாமவர் 1667-இல் பிறந்தவர், இரண்டாமவர் 1710-இல், மூன்றாமவர் 1744-இல். இங்கே எண் போடாமல் எழுதவே கூடாது.

இசையமைப்பாளர்களான அப்பா, மகன் யோஹான் ஸ்ட்ராஸ் இருவரிடம் நானே தவறியிருக்கிறேன். என் முதல் பட்டியலில் ராடெட்ஸ்கி அணிவகுப்பு இசையையும் நீல டான்யூப் வால்ட்ஸ் நடன இசையையும் ஒரே வரியில், ஒரே ஆளின் பெயரில் எழுதியிருந்தேன். முதலாவது அப்பா 1848-இல் அமைத்தது. இரண்டாவது மகன் அமைத்து 1867-இல் முதன்முதலாக இசைக்கப்பட்டது. அப்பா 1849-இலேயே இறந்துவிட்டார். இறந்த ஆண்டுப் பத்தியை நான் நிரப்பாமல் விட்டிருந்தேன். நிரப்பியிருந்தால், இறந்து 18 ஆண்டுகள் கழித்து ஒருவருடைய புதிய இசை எப்படி அரங்கேறும் என்ற கேள்வி அப்போதே எழுந்திருக்கும். அன்றிலிருந்து இரண்டு ஆண்டுகளும் கிடைக்காமல் நான் எந்த வரியையும் முடித்ததாகக் கொள்வதில்லை.

உறவே இல்லாதவர்களுக்கும் முழுப்பெயர் ஒன்றாக இருக்கலாம். அமெரிக்காவின் 2-வது அதிபர் ஜான் ஆடம்ஸ். அவர் மகன் ஜான் குவின்சி ஆடம்ஸ் 6-வது அதிபர். நெப்டியூன் இருக்கும் இடத்தைக் கணக்கிட்ட ஆங்கிலேய வானியலாளர் ஜான் கௌச் ஆடம்ஸ், 1819-இல் பிறந்தவர். 1947-இல் பிறந்த அமெரிக்க இசையமைப்பாளர் ஒருவரும் ஜான் ஆடம்ஸ்தான். நடுப்பெயரை விட்டால் நான்கு பேரும் ஒருவராகிவிடுவார்கள். எவ்வளவு நீளமாக இருந்தாலும் நடுப்பெயரை எழுதிவிடுங்கள்.

படி 6: வரிசை எண்களைச் சரிபாருங்கள்

எண் இருந்தால் குழப்பம் இருக்காது என்று நினைப்போம். போப்பாண்டவர்களின் பட்டியல் அந்த நம்பிக்கையை அசைத்துவிடும். 1958-இல் பொறுப்பேற்றவர் 23-ஆம் ஜான். அப்படியானால் ஜான் என்ற பெயரில் 23 போப்பாண்டவர்கள் இருந்திருக்க வேண்டும், இல்லையா? இல்லை. 20-ஆம் ஜான் என்று ஒருவர் கிடையவே கிடையாது. இடைக்காலத்தில் பட்டியலை எண்ணியவர்கள் ஒருவரைக் கூடுதலாக எண்ணிவிட்டார்கள். அதனால் 1276-இல் வந்தவர் 21-ஆம் ஜான் என்று பெயர் சூட்டிக்கொண்டார். 16-ஆம் ஜானோ எதிர்ப்போப், முறைப்படி ஏற்கப்படாதவர். இந்த இரண்டையும் கழித்தால் 21 பேர்தான் மிஞ்சுகிறார்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. 1410-இல் ஒருவர் 23-ஆம் ஜான் என்ற பெயரோடு வந்து 1415-இல் நீக்கப்பட்டார். அவரையும் எதிர்ப்போப் என்றே கொள்வதால், 1958-இல் அதே எண் மறுபடி பயன்பட்டது. ஆகவே எண்ணை மட்டும் எழுதாமல், எண்ணோடு ஆண்டையும் எப்போதும் சேர்த்தே எழுதுங்கள்.

படி 7: இட்ட பெயரா, ஏற்ற பெயரா?

அட்டவணையில் இதற்கென்று தனிப் பத்தி ஏன் வைத்தோம் என்பது இப்போது புரியும். 1958-இன் 23-ஆம் ஜானுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஆஞ்சலோ ஜுசெப்பே ரொன்கால்லி. நடிகர் ஜான் வெய்ன் பிறந்தபோது மரியன் ராபர்ட் மாரிசன். இவர்கள் ஜானாக மாறியவர்கள். எதிர்த்திசையிலும் உண்டு: அமெரிக்க அதிபர் கால்வின் கூலிட்ஜ் பிறந்தபோது ஜான் கால்வின் கூலிட்ஜ், முன்பெயரைப் பிறகு விட்டுவிட்டார்.

எனக்கு மிகவும் பிடித்த வரி கணிதமேதை ஜான் வான் நாய்மனுடையது. 1903-இல் புடாபெஸ்டில் பிறந்தபோது யானோஷ். ஜெர்மனியில் இருந்தபோது யோஹான். அமெரிக்காவில் ஜான். நாம் படி 2-இல் எழுதிய மூன்று உருவங்கள் ஒரே மனிதரின் வாழ்க்கையிலேயே வந்து போயிருக்கின்றன. இவரை மூன்று பேராக எழுதிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இத்தாலியரான ஜொவான்னி கபோட்டோவும் இங்கிலாந்துக்காக 1497-இல் வட அமெரிக்காவை அடைந்த ஜான் கேபட்டும் அப்படித்தான், ஒரே ஆள்.

படி 8: இருந்தவரா என்று பாருங்கள்

புகழ் பெற்ற பெயர்களுக்குள் கதை மாந்தர்களும் புகுந்துவிடுவார்கள். கிழக்கே எங்கோ ஒரு பெரிய கிறிஸ்தவ ராஜ்யத்தை ஆள்கிறார் என்று 12-ஆம் நூற்றாண்டு முதல் ஐரோப்பா நம்பிய பிரெஸ்டர் ஜான் அப்படி ஒருவர். ஆண் வேடத்தில் போப்பாண்டவரானதாகச் சொல்லப்படும் பெண் ஜோனும் கதைதான். இவர்களைத் தூக்கி எறிய வேண்டாம். தனித் தாளில் வையுங்கள், மக்கள் எதை நம்பினார்கள் என்பதற்கு அவை சாட்சி.

படி 9: தேதிகளில் கவனம்

நாள் வரை எழுதுவதாக இருந்தால், எந்த நாட்காட்டி என்றும் குறித்துக்கொள்ளுங்கள். பாஹ் பிறந்த நாள் அவர் ஊரில் அன்று புழங்கிய ஜூலியன் கணக்கில் மார்ச் 21, இன்றைய கிரிகோரியன் கணக்கில் மார்ச் 31. தொடக்கத்தில் ஆண்டு மட்டும் எழுதினாலே போதும்.

படி 10: குறுக்கே வெட்டிப் பாருங்கள்

அட்டவணையைப் பிறந்த ஆண்டுப்படி வரிசைப்படுத்துங்கள். அப்புறம் ஏதாவது ஓர் ஆண்டை எடுத்து, அப்போது உயிரோடு இருந்தவர்கள் யார் யார் என்று பாருங்கள். இத்தனை உழைப்பும் இதற்காகத்தான்.

1820-இன் கடைசி நாளை எடுத்துக்கொள்வோம். ஜான் ஆடம்ஸுக்கு 85 வயது, பதவியை விட்டு ஏறக்குறைய இரண்டு பத்தாண்டுகள் ஆகிவிட்டன. மகன் ஜான் குவின்சி ஆடம்ஸுக்கு 53, வெளியுறவு அமைச்சர். ஜெர்மனியில் கவிஞர் யோஹான் வொல்ஃப்காங் வான் கதேவுக்கு 71. இங்கிலாந்தில் டால்டனுக்கு 54. ஸ்ட்ராஸ் அப்பாவுக்கு 16. பிற்காலத்தில் சுதந்திரம் பற்றி எழுதப்போகும் ஜான் ஸ்டூவர்ட் மில்லுக்கு 14. ரோமில் 25 வயதுக் கவிஞர் ஜான் கீட்ஸ் காசநோயோடு படுக்கையில் இருக்கிறார், அடுத்த பிப்ரவரியில் இறந்துவிடுவார். இங்கிலாந்தின் யார்க் நகரில் ஜான் ஸ்னோ என்றொரு சிறுவனுக்கு 7 வயது. லண்டனில் 1854-இல் காலரா பரவும்போது, அது பிராட் தெருவின் ஒரு தண்ணீர் பம்பிலிருந்து வருகிறது என்று இறந்தவர்களின் வீடுகளை வரைபடத்தில் குறித்துக் காட்டப்போகிறவன் அவன்தான்.