வைஃபை இருந்தும் டேட்டா தீர்கிறதா? செட்டிநாட்டு வீட்டில் கணக்குப் பார்க்கும் வழி

மத்தியானம் மூணு மணிக்கே “இன்றைய டேட்டாவில் 90 சதவீதம் முடிந்தது” என்று எஸ்எம்எஸ் வந்தால் நம்மில் பலரும் செய்வது உடனே ஒரு டாப்அப் போடுவதுதான். போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன்னால் ஒரு ஐந்து நிமிடம் செட்டிங்ஸுக்குள் போய்விட்டு வாருங்கள். எந்த ஆப் எவ்வளவு தின்றது என்று போன் தானாகவே எழுதி வைத்திருக்கும். ஆண்ட்ராய்டில் இந்த மீட்டர் 2011-ல் வந்த 4.0 பதிப்பிலிருந்தே உண்டு, அதனால் இதற்கென்று தனி ஆப் எதுவும் இறக்க வேண்டியதில்லை. கூகுளே டேட்டாலி என்று ஒன்றைக் கொண்டுவந்து 2019-ல் மூடிவிட்டது. பிளே ஸ்டோரில் கிடைக்கிற மற்றவற்றில் பல, விளம்பரம் காட்டியே நம் டேட்டாவைக் கரைக்கிற ரகம்.

ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், அதில் உங்கள் சிம், அப்புறம் ஆப் டேட்டா யூசேஜ். சாம்சங் என்றால் கனெக்ஷன்ஸ் என்ற இடத்தில் டேட்டா யூசேஜ் இருக்கும். வேறு கம்பெனி போனில் தேடிக் களைக்க வேண்டாம், செட்டிங்ஸின் மேலே உள்ள தேடும் கட்டத்தில் டேட்டா யூசேஜ் என்று ஆங்கிலத்தில் தட்டினால் வந்துவிடும். அதிகம் தின்ற ஆப் மேலே, குறைவாகத் தின்றது கீழே என்று பட்டியல் வரும். அத்தோடு திரும்பிவிடாதீர்கள். ஆப்பின் பெயரைத் தொட்டால் ஃபோர்கிரவுண்ட், பேக்கிரவுண்ட் என்று இரண்டு எண் தெரியும். முதலாவது நீங்கள் திறந்து வைத்துப் பார்த்தபோது போனது, இரண்டாவது போன் பையில் இருக்கும்போதே போனது. என்னைக் கேட்டால் மொத்தத்தை விட இந்த இரண்டாவது எண்தான் முக்கியம், ஏனென்றால் அதைக் குறைத்தால் பெரும்பாலும் நமக்கு நஷ்டம் இல்லை.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. போன் மாதக் கணக்கு வைக்கிறது, நம் ரீசார்ஜோ 28 நாள் அல்லது 84 நாள், அதிலும் தினம் 1.5 ஜிபி, 2 ஜிபி என்று பிரித்துக் கொடுத்து ராத்திரி 12 மணிக்குப் புதுக் கணக்கு தொடங்குகிற வகை. ஆகவே இன்று மிச்சம் எவ்வளவு என்பதற்கு உங்கள் சிம் கம்பெனியின் ஆப்பைப் பாருங்கள், மைஜியோ, ஏர்டெல் தேங்க்ஸ் மாதிரி. யார் செலவழித்தது என்பதற்குப் போனைப் பாருங்கள். இரண்டும் பைசா சுத்தமாக ஒத்துப்போக இது ஐந்தொகை இல்லை, கொஞ்சம் முன்னே பின்னே இருக்கத்தான் செய்யும், கடைசியில் செல்லுபடியாவது கம்பெனி கணக்குதான். ரீசார்ஜ் செய்த தேதியை போனின் பில்லிங் சைக்கிளில், அதாவது கணக்கு தொடங்கும் தேதியாக, போட்டு வைத்தால் ஓரளவு பொருந்தி வரும். அங்கேயே எச்சரிக்கை அளவு, நிறுத்தும் அளவு என்று இரண்டு உண்டு. தினசரி பேக்கில் மாத வரம்பு அவ்வளவாக உதவாது, பிள்ளைகள் கையில் கொடுக்கிற போனுக்கு வேண்டுமானால் போட்டு வையுங்கள்.

ஐபோனில் செட்டிங்ஸ், மொபைல் சர்வீஸ். அதில் கரன்ட் பீரியட் என்று காட்டுவதைப் பார்த்து பயந்துவிடாதீர்கள், அது தானாகப் பூஜ்யத்துக்குப் போகாது, போன் வாங்கிய நாளிலிருந்தே கூட்டிக்கொண்டு வந்திருக்கலாம். அடியில் ரீசெட் ஸ்டாடிஸ்டிக்ஸ் இருக்கும், ஒவ்வொரு ரீசார்ஜ் அன்றும் அதைத் தட்டிவிட வேண்டும்.

சரி, நம்ம ஊர் வீட்டு விஷயத்துக்கு வருவோம். காரைக்குடியாகட்டும், தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தானாகட்டும், பெரிய வீடுகளில் பலருக்கும் ஒரே கேள்வி: “ஃபைபர் கனெக்ஷன் வாங்கியாச்சு, பிறகும் ஏன் சிம் டேட்டா தீருது?” பதில் சுவரில் இருக்கிறது. கேபிள் தெருவிலிருந்து வருவதால் ரவுட்டரை முகப்பிலேயே மாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பருமனான சுவர்கள். ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீட்டில் வளவு, அதாவது நடு முற்றம், தாண்டும்போதே வைஃபை ஒரு கோடாகிவிடும், அதற்குப் பின்னால் உள்ள இரண்டாம் கட்டில், அடுப்படியில் பேருக்குத்தான் இருக்கும். அந்த நிலையில் போன் நம்மைக் கேட்காமலேயே சிம்முக்குத் தாவிவிடுகிறது. மேலே வைஃபை குறி மறைந்ததை யார் கவனிக்கிறார்கள், சீரியல் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

இந்தத் தாவலை நிறுத்தலாம். ஐபோனில் வைஃபை அசிஸ்ட் என்று பெயர், 2015-ல் ஐஓஎஸ் 9-ல் வந்தது, வாங்கும்போதே ஆன் ஆகித்தான் இருக்கும். மொபைல் சர்வீஸ் பக்கத்தின் அடிவரைக்கும் தள்ளிக்கொண்டே போனால் கிடைக்கும், அதன் வழியாக எவ்வளவு போனது என்றும் அங்கேயே எழுதியிருக்கும். சாம்சங்கில் வைஃபை செட்டிங்ஸில், வைஃபை மந்தமானால் மொபைல் டேட்டாவுக்கு மாறு என்ற பொருளில் ஒரு சுவிட்ச் உண்டு. மற்ற ஆண்ட்ராய்டுகளிலும் வெவ்வேறு பெயரில் இருக்கிறது. சந்தேகம் தீர எளிய வழி ஒன்று: வீட்டில் இருக்கும்போது மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு வழக்கம்போல் நடமாடுங்கள். எந்த இடத்தில் வீடியோ நிற்கிறதோ அந்த இடத்தில்தான் இத்தனை நாளும் சிம் டேட்டா போயிருக்கிறது.

அதற்காக அடுப்படியில் நெட் இல்லாமலே இருக்க முடியாது, தெரியும். வைஃபையை வாங்கித் திருப்பி அனுப்புகிற ரிப்பீட்டர் வாங்கினால் வைஃபை செத்துப்போன இடத்தில் மாட்டாதீர்கள், அதுக்கே சிக்னல் கிடைக்காமல் எதைத் திருப்பி அனுப்பும்? நல்லா வருகிற இடத்தின் கடைசி முனையில், வளவு வாசல் பக்கமாக வையுங்கள். இதை விட நல்லது, ஒரு லேன் வயரை வளவு ஓரமாகவே இழுத்து இரண்டாம் கட்டில் இன்னொரு வைஃபை பெட்டி வைப்பது. லேன் வயர் 100 மீட்டர் வரை தாங்கும், நம் வீட்டு நீளத்துக்குப் போதும். மழைச்சாரல் படுகிற இடம் என்றால் வெளியில் போடுகிற வயராகப் பார்த்து வாங்குங்கள். சுவரைத் துளைக்க மட்டும் அவசரப்பட வேண்டாம்.

அடுத்து வாட்ஸ்அப். சிங்கப்பூர், மலேசியாவில் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அப்பத்தாவைக் கேட்டால், “நான் ஒண்ணுமே பாக்கலையேப்பா, பேத்தியோட பேசினதுதான்” என்பார்கள். அந்தப் பேச்சு வீடியோ காலாக இருந்தால் அதுவே பெரிய செலவு, வெறும் குரல் என்றால் அதில் சிறு பங்குதான். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா, நெட்வொர்க் யூசேஜ் என்று போனால் காலுக்கு எவ்வளவு, படத்துக்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் காட்டும். பேசுவதற்கு முன்னும் பின்னும் பார்த்துக் கழித்தால் ஒரு காலின் செலவு கையில் இருக்கும். அதே பக்கத்தில் கால்களுக்குக் குறைந்த டேட்டா என்ற சுவிட்சையும் போட்டுவிடுங்கள்.

குரூப்புகள் தனி ரகம். தை மாதம் குன்றக்குடியிலிருந்து பழனிக்குப் பாதயாத்திரை கிளம்பினால் ஒவ்வொரு மண்டகப்படியிலும் எடுத்த படம் மொத்தமும் எல்லா குரூப்பிலும் வரும், ஒரே படம் நாலு குரூப்பில் நாலு தடவை. நடந்து போகிறவர்களுக்கு வழியில் வைஃபை ஏது? கல்யாண வீட்டுக் குரூப்பும் இதே கதைதான். மீடியா ஆட்டோ டவுன்லோடில் மொபைல் டேட்டா என்பதைத் திறந்து எல்லா டிக்கையும் எடுத்துவிடுங்கள். வேண்டிய படத்தைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

யூடியூபில் வீடியோ குவாலிட்டிக்குப் போய் மொபைல் நெட்வொர்க்குக்கு டேட்டா சேவர் வையுங்கள். நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் ஓடுகிற வீடியோவே ஒரு மணி நேரத்துக்கு 450 எம்பி எடுக்கும், தெளிவு கூடக் கூட அது மடங்காகும், சின்னத் திரையில் வித்தியாசமும் பெரிதாகத் தெரியாது. ஃபேஸ்புக்கில் தானாக வீடியோ ஓடுவதை நிறுத்துங்கள். பிளே ஸ்டோர் அப்டேட்டையும் கூகுள் போட்டோஸ் பேக்கப்பையும் வைஃபையில் மட்டும் என்று மாற்றுங்கள். பேக்கிரவுண்டில் தின்பவர்களில் இந்த இருவரும் முன்வரிசை.

ஹாட்ஸ்பாட்டையும் பாருங்கள். விசேஷத்துக்கு வந்த மாப்பிள்ளை லேப்டாப்பை உங்கள் போனில் கோத்துவிட்டு உட்கார்ந்தால், அது வைஃபை என்றே நினைத்துக்கொண்டு விண்டோஸ் அப்டேட்டை இறக்கத் தொடங்கும். அந்த லேப்டாப்பில் இந்த இணைப்பை மீட்டர்ட், அதாவது அளந்து செலவழிக்க வேண்டிய இணைப்பு, என்று குறித்துவிட்டால் பெரும்பாலும் அடங்கும்.

இவ்வளவும் எதற்கு என்றால், தினசரி அளவு தீர்ந்தபின் பல பேக்குகளில் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும். நொடிக்கு 8 கேபிதான். 5 எம்பி படம் ஒன்று வந்து சேரப் பத்து நிமிடத்துக்கு மேலாகும், கடையில் ஸ்கேன் பண்ணிவிட்டு நின்றால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், கையில் சில்லறை இல்லாத நாளாகப் பார்த்து.

இரண்டு சிம் வைத்திருப்பவர்கள் இரண்டுக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஊரில் ஒன்று, டவுனில் ஒன்று எடுக்கும் என்று வைத்திருப்போம், டேட்டாவைத் தானாக மாற்றும் வசதி ஆனில் இருந்தால் செலவு எந்தப் பக்கம் போனது என்றே தெரியாது. அதை அணைத்துவிட்டு வேண்டும்போது கையால் மாற்றுங்கள்.

எல்லாம் மாற்றியபின் இரண்டு நாள் கழித்து அதே பட்டியலைத் திறங்கள். மேலே இருந்த ஆப் கீழே இறங்கியிருக்கும். அப்படியும் ஒன்று அடங்கவில்லை என்றால் அந்த ஆப்புக்கு மட்டும் பேக்கிரவுண்ட் டேட்டாவை அணையுங்கள். வாட்ஸ்அப்புக்கும் பேங்க் ஆப்புக்கும் அணைக்க வேண்டாம், செய்தி நேரத்துக்கு வராது. முதலிடத்தில் ஆண்ட்ராய்டு சிஸ்டம் என்றே நின்றால் போனின் சாஃப்ட்வேர் அப்டேட் சிம்மில் இறங்கியிருக்கலாம், அதையும் வைஃபைக்கு மாற்றிவிட்டு போனை ராத்திரி முகப்பில், ரவுட்டர் பக்கத்தில் சார்ஜுக்குப் போடுங்கள்.