மாடல் ரயில் லேஅவுட்டில் ஆறு அமைப்பது எப்படி?

மாடல் ரயில் லேஅவுட்டில், அதாவது பொம்மை ரயில் ஓடும் குட்டி நிலக்காட்சியில், ஆறு செயற்கையாகத் தெரிந்தால் எல்லோரும் ரெசினைத்தான் (தண்ணீருக்குப் பதிலாக ஊற்றும், பிறகு இறுகிவிடும் தெளிந்த திரவம்) குறை சொல்வார்கள். பெரும்பாலும் தவறு அடியில் இருக்கும் படுகையில்தான். ரெசின் வெறும் கண்ணாடி. ஆழமும் நிறமும் அதை ஊற்றும் முன்பே அங்கே இருக்க வேண்டும்.

சுவிட்சர்லாந்தின் லாண்ட்வாசர் பாலத்தை மாதிரியாக வைத்துக்கொள்வோம். 1902இல் கட்டி முடித்த கல்பாலம், உயரம் 65 மீட்டர். சிவப்பு ரயில் வளைவாக அதைக் கடந்து நேரே குகைக்குள் நுழையும் அழகுக்கு ஈடே இல்லை! 1:87 அளவில் பாலம் சுமார் 75 செ.மீ. உயரம் வரும், 1:160 என்றால் 41 செ.மீ. போதும். கீழே ஓடுவது கற்கள் நிறைந்த, ஆழம் குறைந்த மலையாறு. ரெசின் கொஞ்சமே தேவைப்படும் என்பதால் புதியவர்களுக்கு ஏற்றது.

முதலில் ரசமட்டம் வைத்துப் பலகையைச் சமப்படுத்துங்கள். ரெசின் எப்போதும் தானாக மட்டமாகிவிடும். சரிவில் ஊற்றினால் எல்லாம் வழிந்து கீழ்முனையில் தேங்கும். அதனால் மலையாற்றைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படியையும் மட்டமாக அமையுங்கள். படிகளுக்கு இடையிலான சரிவை ரெசினால் செய்ய வேண்டாம், அதைப் பிறகு கெட்டியான அக்ரிலிக் ஜெல்லால் செய்யலாம்.

ஃபோமில் ஆற்றுத்தடத்தை வெட்டி, மேலே பிளாஸ்டர் பூசுங்கள். காய்ந்ததும் ஃபெவிகால் தடவி, சலித்த மணலையும் பொடிக்கற்களையும் ஒட்டுங்கள். பெரிய கற்களைச் சீராக அடுக்காதீர்கள். வெள்ளம் உருட்டிவந்த கற்கள் வளைவின் உள்பக்கம்தான் குவியும்.

இனி வண்ணம். அவசரப்படவே கூடாத கட்டம் இது. பலரும் நேராக நீலத்தை எடுப்பார்கள், அதைத் தொடாதீர்கள். நடுவில் கரும்பச்சையும் பழுப்பும் கலந்த அக்ரிலிக், கரையை நோக்கி வர வர வெளிறிய சாம்பல். ஈரம் காயும் முன்பே இரண்டையும் தூரிகையால் இழைத்துவிடுங்கள், எல்லைக்கோடு தெரியக் கூடாது. கண்ணுக்கு ஆழமாகத் தெரிவது இந்த நிறமாற்றத்தால்தான். பாறைகளின் நீர்மட்டப் பகுதியை மட்டும் சற்றுக் கருப்பாக்குங்கள். நனைந்த கல் எப்போதும் கருத்தே இருக்கும்.

வண்ணம் நன்றாகக் காய்ந்த பின், ஊசித்துளி ஓட்டைகூட விடாமல் அடைத்துவிடுங்கள். ரெசின் எந்த இடுக்கிலும் கசியும். ஆறு பலகையின் விளிம்பில் முடிந்தால், பேக்கிங் டேப் ஒட்டிய பிளாஸ்டிக் தகட்டால் அணை கட்டுங்கள். ரெசின் டேப்பில் ஒட்டாது, பிறகு தகட்டை எளிதாக எடுத்துவிடலாம்.

கையுறை அணிந்து, ஜன்னலைத் திறந்துவைத்து வேலை செய்யுங்கள். ரெசினையும் அதை இறுகவைக்கும் ஹார்ட்னரையும் டப்பாவில் போட்டிருக்கும் விகிதத்தில் துல்லியமாக அளந்து, மெதுவாகக் கலக்குங்கள். வேகமாகக் கலக்கினால் குமிழி நிறையும். விகிதம் பிசகினால் பிசுபிசுப்பு போகவே போகாது. ஒரு தடவைக்கு 2, 3 மி.மீ. போதும். தடிமனாக ஊற்றினால் சூடேறி விரிசல் விடலாம். அடைமழை நாளில் ஊற்ற வேண்டாம், காற்றின் ஈரத்தால் மேற்பரப்பு வெளுக்கும். தூசி விழாமல் அட்டைப்பெட்டியால் மூடி, குறைந்தது ஒரு நாள் தொடாமல் விடுங்கள்.

ரெசின் இறுகியதும் கண்ணாடிபோல் அசைவற்று இருக்கும். மலையாறு அப்படி இருக்காது. பளபளப்பான அக்ரிலிக் ஜெல்லைத் தூரிகையால் ஒற்றி ஒற்றி, நீர் ஓடும் திசையில் சிற்றலை எழுப்புங்கள். படிகளின் சரிவிலும் இதே ஜெல்தான். பாறையில் நீர் மோதும் இடத்திலும் அதன் பின்புறச் சுழலிலும் மட்டும், ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் வெள்ளை தொட்டு நுரை காட்டுங்கள். மற்ற இடங்களில் வெள்ளை வேண்டாம்.