பழைய கமடோர் 64 கிடைத்ததா? முதலில் அடாப்டரைப் பாருங்கள்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடையிலோ, மலேசியாவிலிருந்து வந்த சாமான்களோடு வளவு அறையிலோ ஒரு கமடோர் 64 வீட்டுக் கணினி கண்ணில் பட்டு, அதைச் சரிசெய்து விற்க நினைத்தால், ஓடுகிறதா என்று உடனே கரண்ட் கொடுத்துப் பார்க்காதீர்கள். 1982இல் வந்த இந்தக் கணினிக்கு எமன் அதன் அடாப்டர்தான். பல அடாப்டர்களில் உள்ளே பிசின் ஊற்றி அடைத்திருப்பார்கள், சூடு வெளியேறாது. வோல்டேஜை நிலையாக வைக்கும் 5 வோல்ட் ரெகுலேட்டர் பழுதானால் வோல்டேஜ் ஏறி, ராம் என்ற நினைவகச் சில்லுகளை எரித்துவிடும்.

அடாப்டரின் அடியில் 220 அல்லது 240 வோல்ட் என்று போட்டிருக்க வேண்டும். 117 என்றிருந்தால் நம் வீட்டு பிளக்கில் செருகவே கூடாது. கணினியோடு சேர்க்காமல், அதன் 7 முனை பிளக்கில் 5ஆம் முனைக்கும் 2ஆம் முனைக்கும் இடையே, கணினிக்குப் பதில் சுமையாக 5 ஓம், 10 வாட் ரெசிஸ்டரைக் கிளிப்பில் மாட்டுங்கள். 6, 7 முனைகளில் 9 வோல்ட் ஏ.சி. வரும், கிளிப் அங்கே உரசக் கூடாது. ரெசிஸ்டர் கொதிக்கும், ஓட்டுத் துண்டின் மேல் வையுங்கள். பிறகு அடாப்டருக்குக் கரண்ட் கொடுத்து, அரை மணி நேரம் ஓடவிட்டு, ரெசிஸ்டரின் இரு பக்கமும் மல்டிமீட்டரை வைத்து டி.சி. வோல்டேஜைப் பாருங்கள். சூடேறிய பிறகுதான் பல அடாப்டர்களின் குறை வெளியே தெரியும். 4.75 முதல் 5.25 வோல்ட் வரை இருந்தால் சோதனைக்குப் போதும். அதற்கு மேல் போனால் தூக்கிப் போடுங்கள். விற்கும்போது எப்படியும் புது அடாப்டரே கொடுங்கள். வாங்குகிறவருக்கு அதுதான் நியாயம்.

அடியிலுள்ள 3 ஸ்க்ரூக்களைக் கழற்றினால் மூடி திறக்கும். செம்மண் புழுதியையும் கரப்பான் எச்சத்தையும் காய்ந்த மென்பிரஷ்ஷால் தள்ளிவிட்டு, 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். கீபோர்டின் கரித் தொடுபுள்ளிகளில் உப்புத்தாள் போடாதீர்கள், கரி உரிந்துவிடும். பஞ்சுக் குச்சியே போதும்.

இனி கணினிக்குக் கரண்ட் கொடுக்கலாம். நீலத் திரையில் 38911 என்ற எண் (காலியாக உள்ள நினைவகத்தின் பைட் அளவு) வந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. எண் குறைந்திருந்தால் ராமில் கோளாறு. திரை கருப்பாகவே இருந்தால் ராம் சில்லுகளையும், எந்த நேரத்தில் எந்தச் சில்லு இயங்க வேண்டும் என்று தீர்மானிக்கும் பி.எல்.ஏ. சில்லையும் சந்தேகியுங்கள். தொட்டவுடன் சுடுகிற ராம் சில்லு பெரும்பாலும் போனதுதான். அதை முழுதாகப் பிடுங்கப் பார்த்தால் போர்டின் செம்புத் தடமும் சேர்ந்து உரிந்து வரும். கால்களை நுனிக் கட்டரால் வெட்டி, ஒவ்வொன்றாகச் சூடாக்கி எடுத்து, 16 கால் சாக்கெட் வைத்த பிறகு புது 4164 ராம் சில்லைச் செருகுங்கள்.

மஞ்சளேறிய வெள்ளை 64சி (பிற்கால மாடல்) என்றால், கையுறை போட்டுக்கொண்டு அதன் மூடிக்கு 12 சதவீத ஹைட்ரஜன் பெராக்ஸைடு கிரீம் தடவி, காலை வெயிலில் வைக்கலாம். சித்திரை உச்சி வெயிலில் கிரீம் காய்ந்து திட்டுத் திட்டாக வெளுக்கும், அப்புறம் சரிசெய்வது கஷ்டம். பழைய பழுப்பு மாடலின் மூடியைச் சோப்புத் தண்ணீரில் கழுவினாலே போதும், வெளுக்க வேண்டாம்.

விற்பனைக்குப் போடும்போது 38911 தெரியும் படம், எல்லாக் கீகளையும் அழுத்திக் காட்டும் வீடியோ, மாற்றிய சில்லுகளின் பட்டியல் மூன்றையும் சேருங்கள். கழற்றிய பழைய சில்லுகளை ஒரு பையில் போட்டுக் கூடவே அனுப்புங்கள்.