ரப்பர் வெட்டுப் பழகுகிறவர்கள் தவிர்க்க வேண்டியவை

ஓரிடத்தில் உட்காரவும் பிடிக்காது, வேலையில் இம்மி பிசகினாலும் பொறுக்காது என்கிற ஆளா? குமரி மாவட்டத்தில் அவருக்கென்றே இருக்கிற வேலை, ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுக்கிற ரப்பர் வெட்டு. விடியுமுன் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு மேட்டிலும் பள்ளத்திலும் மரத்துக்கு மரம் ஓடவேண்டும். ஆனால் கத்தி மில்லிமீட்டர் கணக்கில் நிற்கவேண்டும்.

குலசேகரம் பக்கம் புதிதாகக் கத்தி பிடித்த பையன்கள் சிலரைக் கவனித்தேன். எங்கள் காலத்துப் பிழைகளை ஒன்று விடாமல் செய்கிறார்கள். கத்தி தீட்டாதது, பால் பிடிக்கிற சிரட்டையைத் துடைக்காதது இதெல்லாம் நாலு திட்டு வாங்கினால் சரியாகிவிடும். அதை விட்டுவிடுகிறேன்.

தடியில் கத்தி படுவது

பட்டைக்குள் போகப் போகத்தான் பால் குழாய்கள் நெருக்கமாக இருக்கும். ஆழமாக இறக்கினால் பால் கூடும் என்பது பொய்யில்லை. ஆனால் பட்டைக்கும் அதற்கு உள்ளே இருக்கிற தடிக்கும் நடுவே மெல்லிய வளர்படலம் ஒன்று உண்டு. சீவிய இடத்தில் புதுப்பட்டை வருவது அதிலிருந்துதான். அதற்குச் சுமார் 1 மில்லிமீட்டர் முன்னாலேயே கத்தி நின்றாகவேண்டும். தாண்டினால் காயம், காயம் ஆறிய இடம் முண்டும் முடிச்சுமாகக் கட்டிப்போகும்.

எனக்கு எரிச்சல் என்னவென்றால், இப்படி வெட்டுகிறவனுக்குத்தான் முதலில் நல்ல பேர். அருமனை பக்கம் ஒரு தோட்டத்தில் முதலாளி, "பழைய ஆளைவிட இவனுக்குக் கைராசி" என்று பூரித்தார். கிட்டப் போய்ப் பார்த்தேன். பட்டையைச் சீவிப் பால் ஓடவிடுகிற வெட்டுச்சாலில் நகக்கண் அளவில் அங்கங்கே வெள்ளையாகத் தடி தெரிந்தது.

"எடே, இது என்னடே?"

"பாலு நல்லா வருதுல்லா அண்ணே!"

வரும். மறுபட்டை வெட்டுக்குத் தேற ஏழெட்டு வருடம் ஆகும். அதற்குள் அவன் கல்ஃபுக்குப் போயிருப்பான். முண்டில் கத்தி தட்டித் தட்டி நின்று, பாலும் கிடைக்காமல் ஏச்சு வாங்கப்போவது வேறொருத்தன். அந்த முதலாளிக்கு அப்போதும் காரணம் புரியாது.

பழகுவதற்கு, மறுநடவுக்காக முறிக்கப்போகிற கிழட்டு மரங்களைக் கேட்டு வாங்குங்கள். வேண்டுமென்றே தடிவரை ஒரு தடவை இறக்கிப் பாருங்கள்; வழுக்கிக்கொண்டு போன கத்தி சட்டென்று நெருடும். அந்த நெருடல் கைக்குப் பழகாமல் இளமரத்தைத் தொடாதீர்கள்.

சரிவைக் கண்ணால் அளப்பது

ஒட்டுக்கட்டி வளர்த்த மரத்துக்கு வெட்டுச்சாலின் சரிவு 30 டிகிரி, இடது மேலிருந்து வலது கீழாக. பால் குழாய்கள் வலப்பக்கம் லேசாகச் சாய்ந்து ஏறுகின்றன. இந்தத் திசையில் வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். சரிவு குறைந்தால் பால் சாலை விட்டு வழிந்து மரத்திலேயே உறைந்து ஒட்டுப்பாலாகிவிடும். சரிவு குறிக்கிற தகடு வைத்துக் கோடு போடச் சோம்பாதீர்கள்.

கனமாகச் சீவுவது

ஒரு வெட்டுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் போதும். மூன்றாகச் சீவினால் பட்டை பாதிக் காலத்தில் தீரும்.

வெயில் ஏறின பிறகு வெட்டுவது

மரத்தில் நீரழுத்தம் இறங்கிவிடும். பால் ஓட்டம் குறையும்.

விலை ஏறினால் தினமும் வெட்டுவது

ஒன்றுவிட்ட நாளோ, இரண்டு நாள் விட்டோ என்று வைத்த முறையை, ரப்பர் ஷீட் விலை ஏறியதும் முதலாளியே மாற்றச் சொல்வார். தினமும் வெட்டினால் சால் அங்கங்கே காய்ந்து, பால் வராமல் பட்டை மரத்துவிடும். பிறகு மாதக்கணக்கில் ஓய்வு விட்டாலும் சில மரங்கள் தேறாது. நாள் முறையைக் கூலி பேசும்போதே பேசிவிடுங்கள்.

ஈரப்பட்டையில் கத்தி வைப்பது

கூடவே கூடாது. இரண்டு பருவமழையும் பெய்கிற ஊர் இது. வெட்டுச்சால் நனையாமல் மரத்தில் மழை மறைப்பு ஒட்டாத தோட்டத்தில் ஜூனில் வெட்டு ஏற்காதீர்கள்.